தொட்டிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

பேரிங் கடைக்காரர் கொடுத்த டைரி இரண்டு மாதமாக அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்று அதை எடுத்துத் துடைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் ஜெர்மனிக்காரர்கள் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் பித்தளை வால்வு ஆர்டர் முழுக்க எங்களுக்கு. எனக்கு ஃபோர்மேன் பதவி. முதலாளி கோவர்த்தனன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அவர் அறையில் நான் உட்கார்ந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை போன வருஷம் தலை சுற்றி விழப்பார்த்தபோது. அன்று காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன், அவ்வளவுதான்.

"தொட்டியில என்ன நடக்குதுன்னு அவங்க உன்னைத்தான் கேப்பாங்க, சென்னியப்பா. தடுமாறிடாதே" என்றார்.

நானா தடுமாறுகிற ஆள்? இருந்தாலும் எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐயா, என் பெயர் சென்னியப்பன். இந்தத் தொட்டிக்கு நான்தான் பொறுப்பு. லேத்தில் கடைந்து வரும் வால்வுகள் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். பிசுக்கோடு முலாம் போட்டால் உரிந்துவிடும். அதனால் இங்கே கழுவுகிறோம். தண்ணீரும் இல்லை, சோப்பும் இல்லை. இடுப்புயரத் தொட்டியின் அடியில் ட்ரைகுளோர் என்கிற திரவம் கொதிக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே நிற்கும். விளிம்புக்குக் கீழே சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் இருக்கிறது. அதைத் தாண்டி ஆவி ஏறாது. வால்வுக் கூடையை உள்ளே இறக்கினால், ஆவி சில்லென்ற உலோகத்தில் பட்டுத் திரவமாகி, பிசுக்கைக் கரைத்துக்கொண்டு சொட்டும். உலோகம் சூடானதும் சொட்டுவது நின்றுவிடும். மேலே தூக்கினால் வால்வு பளிச்சென்று காய்ந்து வரும்.

இதில் தடுமாற என்ன இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஒரே நாளில் கூடை 131. சின்னவேடம்பட்டி வட்டாரத்தில் இந்த எண்ணிக்கையை வேறு எவனும் தொட்டதில்லை. தொட்டியில் அடித்திருக்கும் தகட்டில், கூடையை நிமிஷத்துக்குப் பத்தடிக்கு மேல் வேகமாகத் தூக்கக் கூடாது, விளிம்புக்குள்ளேயே சற்று நிறுத்திக் காயவிட்டு எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அந்தத் தகட்டை எழுதியவர் ஒரு நாள் வந்து எங்கள் தொட்டியில் நின்று பார்க்கட்டும். நான் பட்டனை அழுத்தினால் கூடை மூச்சு விடுவதற்குள் மேலே வந்துவிடும். பிகாஷ் பிடித்து நகர்த்துவான். ஒடிசாக்காரன், வந்து நாலு வருஷம் ஆகிறது, என் கண்ணசைவு தெரிந்தவன்.

நகர்த்திய கூடை பத்தடி தள்ளி இருக்கும் மேஜைக்குப் போகும். அங்கே தமயந்தி. வால்வுகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் துடைத்துப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கண் கூர்மை, ஒரு வால்வைக்கூடத் தவறவிட மாட்டாள். புருஷன் விட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். எல்லாம் சரி, வாய்தான் கொஞ்சம் நீளம். ஜனவரியில் முதலாளிக்கே கடுதாசி எழுதினாள். தொட்டிப் பக்கம் தலைவலி வருகிறது, ஆவியை உறிஞ்சி வெளியே தள்ள மோட்டார் வைக்க வேண்டும் என்று. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். என் தொட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரிந்துவிட்டது?

தொட்டி சரியாக ஓடுகிறதா என்று சொல்ல எனக்கு மீட்டர் வேண்டாம். மூக்கு போதும். முன்னெல்லாம் உள்ளே நுழைந்ததும் ஒரு தித்திப்பு வாசம் அடிக்கும். இப்போது அதுகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோழிக் குழம்பு. மச்சான் வந்திருந்தான், ஆளுக்கு இரண்டு ரவுண்டு. அரை மணி நேரத்தில் என் முகம், கழுத்து, தோள் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. வசந்தாமணி கையில் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணாலத்துக்கு மஞ்ச குங்குமம் பூசுன மாதிரி இருக்கறீங்க? போன மாசமும் இப்படித்தான் ஆச்சு."

சரக்கு மட்டம் என்று சொன்னேன். அதே பாட்டிலில் குடித்த மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தோல் எருமைத் தோல்.

மார்ச் 18, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. தொட்டிப் பக்கம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த பெரிய பெடஸ்டல் ஃபேனை இழுத்து வந்து, மோட்டாரைக் கழற்றி, பேரிங் மாற்றி, எண்ணெய் விட்டு, மதியத்துக்குள் ஓட வைத்துவிட்டேன். எங்களுக்குப் பின்னால் வைத்தேன். காற்று எங்கள் முதுகில் பட்டு, தொட்டிக்கு மேலாகப் போய், எதிர் ஜன்னல் வழியாக வெளியேறும். மோட்டார் வேண்டும் என்று கடுதாசி எழுதினாளே, இதோ வந்துவிட்டது. யாரும் ஜெர்மனியிலிருந்து வந்து மாட்டவில்லை.

தமயந்தி மேஜை ஜன்னலுக்கு முன்னால் இருக்கிறது.

"சென்னியண்ணா, காத்து நேரா என்ற மூஞ்சிக்கு வருதுங்க."

"வெயில் காலத்துல காத்து வருதுன்னு குத்தம் சொன்ன மொத ஆளு நீதான் அம்மிணி" என்றேன். பிகாஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை மூக்கோடு சுற்றிக்கொண்டு வால்வுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 27, வியாழன்

ட்ரைகுளோர் பேரல் பதினாறு நாள் வரும். இந்த பேரல் ஒன்பது நாளில் தீர்ந்துவிட்டது. சப்ளைக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். குறைத்து நிரப்பி அனுப்புகிறான், வேறென்ன. அடுத்த பேரல் வந்ததும் அவன் எதிரிலேயே தராசில் ஏற்றினேன். எடை சரியாக இருந்தது.

தராசும் பழசுதான்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் அடுப்பில் பால் இருந்தது. நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வசந்தாமணி பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பாத்திரம் அடிபிடித்துக் கரியாகிவிட்டது.

"இங்கயேதானுங்க உக்காந்திருக்கறீங்க? தீஞ்ச நாத்தம் தெருமொனைக்கு வருது!"

செய்தியில் மூழ்கிவிட்டேன் என்றேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பூஜைக்கு வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என்ன புள்ள, எனக்கு வைத்துவிடப் போகிறாயா என்று கேலி செய்தேன். அவள் சரத்தைப் பூஜைத் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பர்வீன் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், திருச்சிக்காரி. ஜெர்மனிக்காரர்கள் தாங்கள் வருவதற்கு முன்னால் காற்றை அளந்து அறிக்கை கொடுக்க அவளை அனுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பேட்ஜ் கொடுப்பாளாம். தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. உள்ளே கரித்தூள். சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்தால், நாம் மூச்சு விடும் காற்றில் எவ்வளவு ட்ரைகுளோர் இருக்கிறதோ அது கரியில் ஏறிக்கொள்ளும். லேபில் எண் சொல்லிவிடுவார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் இருபத்தைந்து பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஜெர்மனிக்காரர்கள் வைத்த அளவு.

என் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பற்றியே கேட்க ஆரம்பித்தாள். தலைவலி வருமா? எப்போதாவது. தூக்கம் எப்படி? படுத்தால் காலைதான். குடிப்பீங்களா?

"விசேஷத்துக்குங்க."

"குடிச்சா மூஞ்சி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டா செவக்குதா?"

"இல்லீங்க" என்றேன்.

இது என்ன கேள்வி? எந்த டாக்டரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. அவள் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் மற்றதெல்லாம் சொன்னேன். இந்தக் கேள்வியைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பேட்ஜ் நாள். காலை எட்டு மணிக்கு பர்வீன் எனக்கும் பிகாஷுக்கும் தமயந்திக்கும் குத்திவிட்டாள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

எட்டரை மணிக்கே தெரிந்துவிட்டது, இது சரிப்படாது என்று. குனிந்து கூடையைப் பார்க்கும்போது பேட்ஜ் ஆடுகிறது. கூடை தூக்கும் சங்கிலியில் மாட்டிக்கொண்டால்? தொட்டிக்குள் விழுந்துவிட்டால்? பாதுகாப்புதான் முக்கியம். என்னுடையதையும் பிகாஷுடையதையும் கழற்றி, டூல் ரூமில் சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். சாயங்காலம் நாலரைக்கு எடுத்து மறுபடி குத்திக்கொண்டோம்.

தமயந்தியுடையதைக் கழற்றச் சொல்லவில்லை. அவள் உட்காருவது பத்தடி தள்ளி, குனிகிற வேலை இல்லை, அவளுக்கு என்ன ஏறப்போகிறது. ஒழுங்காகப் போட்டிருந்தாள். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

கூடை 134.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாதி கிளாஸ்தான். கண்ணாடி பார்க்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, பருப்பு, பாயசம். மச்சான் குடும்பத்தோடு வந்து ஏலக்காய் வாசம் தூக்குகிறது என்று பாயசத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு இனிப்பு தெரிந்தது. பச்சடியில் கசப்பு தெரிந்தது. சளி பிடித்திருக்கிறது போல.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். மூன்றாவது தடவை.

சென்னியப்பன்: 2. பிகாஷ்: 2. தமயந்தி: 140.

"தொட்டிக்கு மேல குனிஞ்சு நிக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு. பத்தடி தள்ளி உக்காந்திருக்கறவளுக்கு நூத்தி நாப்பதா? எந்த ஊரு நியாயம்?" என்றார் முதலாளி. "ஜனவரியில கடுதாசி எழுதினா. நான் கண்டுக்கலை. இப்ப வேணும்னே பேட்ஜைத் தொட்டியில முக்கி எடுத்திருக்கா. ஆர்டரைக் கெடுக்கணும்னே பண்ணியிருக்கா."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"செக்‌ஷன் பொறுப்பாளர் நீ. நீ பார்த்தேன்னு எழுதிக் கொடுத்தா அந்த பேட்ஜ் செல்லாது. விசாரணை வச்சு அவளை அனுப்பிடலாம். அந்த மேஜைக்கு வேற ஆளைப் போட்டு மறுபடி அளந்தா முடிஞ்சது. உன் ஃபோர்மேன் ஆர்டரை மே ஒண்ணாந்தேதி போட்டு டைப் பண்ணச் சொல்லிட்டேன்."

நாளைக்குத் தருகிறேன் என்று எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

எழுதிக் கொடுத்தேன். 'பேட்ஜ் அணிந்திருந்தபோது தமயந்தி தொட்டிக்கு மிக அருகில் வந்ததைப் பார்த்தேன்.' இது பொய் இல்லை. கூடை வாங்க ஒன்றிரண்டு தடவை வந்தாள். முக்கினாள் என்று நான் எழுதவில்லை. முதலாளி படித்துவிட்டு, இது போதும் என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை முப்பதாம் தேதி. அதுவரை தமயந்தி வேலைக்கு வர வேண்டாம் என்று காலையில் கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, நான் முக்குனதை நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துல வந்ததைப் பாத்தேன்னுதான் எழுதியிருக்கறேன்."

"அதைக் கேக்கலீங்க."

சாப்பாட்டுத் தூக்குப் பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள். இந்த வேலை போனால் வேறு ஒன்று கிடைக்காமலா போகும்? கிடைக்கும். ஆனால் பேட்ஜை முக்கினவள் என்ற பெயரோடு இந்த வட்டாரத்தில் யார் எடுப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மதியம் பிகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அண்ணா, என் பேட்ஜ் நான் போடலை. ஆணியிலதான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு எப்படி வந்துச்சு?"

"சாப்பிடுடா" என்றேன்.

நல்ல கேள்விதான். டூல் ரூமில் ஆளே இல்லாமல் தொங்கிய பேட்ஜுக்கே இரண்டு ஏறியிருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

கூடை 88. பட்டன் அழுத்துகிற விரல் மரத்துப்போகிறது. மேஜையில் புதிதாக உட்கார்ந்த பெண் மதியமே வாந்தி எடுத்தாள். வெயில்.

ஏப்ரல் 28, திங்கள்

பர்வீன் மறுபடி வந்தாள். முதலாளி கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். 140 என்கிற எண் அவளைத் தூங்க விடவில்லையாம். பேட்ஜை ட்ரைகுளோரில் முக்கி எடுத்தால் கரி நிறைந்து போய்விடும், நூற்றி நாற்பது என்று அடக்கமாக வராது, அளவே சொல்ல முடியாதபடி ஆகிவிடும் என்றாள். "அதனால அவங்க முக்கலை. இது மூச்சு விட்ட காத்துதான். எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கணும்."

பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அழுத்தினால் வெள்ளைப் புகை வரும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குக் காட்டும். தொட்டி விளிம்பில் பிடித்தாள். என் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. புகை எழுந்த உடனேயே வளைந்து, தொட்டிக்கு மேலாக வழிந்து, நேராகப் போய்த் தமயந்தியின் மேஜையில் இறங்கியது. ஜன்னலுக்குப் போனது அதற்கும் பிறகுதான்.

"இந்த ஃபேன் யார் வச்சது?"

"நான்தானுங்க."

"எப்போ?"

"மார்ச்சு பதினெட்டு."

"அதுக்கப்புறம் பேரல் சீக்கிரம் தீரலையா?"

என் கண் காலி பேரல் பக்கம் போனது. அவள் திட்டவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரியும் சொல்லவில்லை. இந்த ஆவி தொட்டிக்குள் போர்வை மாதிரி அசையாமல் கிடக்க வேண்டும், பக்கத்தில் காற்று வீசினால் போர்வையை உருவி வெளியே போடுகிற மாதிரி ஆகிவிடும் என்றாள். கூடையை வெடுக்கென்று இழுத்தாலும் அதே கதைதான். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். கூடையைத் தகட்டில் போட்டிருக்கும் வேகத்தில் ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொன்னாள். தூக்கினேன். புகை விளிம்பிலேயே நின்றது. பக்கத்தில் பிகாஷ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பதினெட்டு வருஷத்தில் அந்தத் தகட்டின்படி நான் கூடை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"உங்க ரெண்டு பேர் எண்ணுதான் எனக்குப் புரியலை" என்றாள் போகும்போது. "மேஜையில நூத்தி நாப்பதுன்னா தொட்டிகிட்ட அதைவிட ஜாஸ்தியா இருக்கணும். வாசம் கூட உங்களுக்குத் தெரியலையா? எனக்கு வாசல்லயே தலை கனக்குது."

"ஒண்ணும் தெரியலீங்க" என்றேன். இது மட்டும் உண்மை.

ஏப்ரல் 29, செவ்வாய்

வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி வரைக்கும். சங்கிலியில் மாட்டிவிடும் என்று பயந்து கழற்றினேன் என்று ஆரம்பித்தேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நானே சொல்லிவிட்டேன்: எண் கம்மியாக வர வேண்டும் என்றுதான் கழற்றினேன். இந்த டைரியில்கூட அப்படி எழுதவில்லை. அதையும் இப்போது எழுதிவிட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு உங்க ஃபேனால வந்துச்சு. உங்களுக்கு வந்தது ஆணியில தொங்குது. அவளை வெளிய அனுப்பறாங்க, உங்களை ஃபோர்மேன் ஆக்கறாங்க. நல்லா இருக்குதுங்க" என்றாள்.

வெங்காயம் உரித்த கையை என் மூக்குக்குக் கிட்டே கொண்டு வந்தாள். கண் எரிந்தது. வேறு எதுவும் இல்லை. அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டோம்.

ஏப்ரல் 30, புதன்

விசாரணை பதினோரு மணிக்கு. முதலாளி, பர்வீன், தமயந்தி, நான். மேஜையில் என் கடிதம். தமயந்தி மூத்த பெண்ணைக் கூட்டி வந்து வெளியே உட்கார வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் லீவு.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "பேட்ஜைத் தொட்டியில முக்குனியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"இல்லீங்க."

"பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருக்காரே?"

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் எழுந்து நின்றேன். பயமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் பேச ஆரம்பித்த பிறகு தடுமாறவில்லை.

"சார், மூணு பேட்ஜ்ல உருப்படியானது அவளோடது ஒண்ணுதாங்க. என்னோடதும் பிகாஷோடதும் டூல் ரூம்ல சட்டை மாட்டற ஆணியில தொங்குச்சு. நான்தான் கழட்டி மாட்டுனேன். அவன் மேல தப்பில்லை, நான் சொன்னேன், குடுத்தான். எண்ணு கொறையோணும்னுதான் பண்ணுனேன். அந்தக் கடுதாசியும் பொய்யிங்க. வார்த்தை உண்மையா இருந்தாலும் எழுதுனது பொய்யி. ஃபேனை வச்சு அவ மூஞ்சிக்கு அடிச்சதும் நான்தான்."

முதலாளி எழுந்துவிட்டார். "சென்னியப்பா, நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதானுங்க."

பிறகு பர்வீன் பக்கம் திரும்பினேன். "அம்மிணி, அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்க, இல்லைன்னு சொல்லிப்போட்டேன். செவக்குதுங்க. மூஞ்சி, கழுத்து, தோளு. வாசமும் தெரியறதில்லைங்க. பாலு தீஞ்சாத் தெரியாது. எத்தனை நாளாத் தெரியலைங்கறதும் தெரியாது. தொட்டி வாசமே இல்லாம சுத்தமா இருக்குதுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ட்ரைகுளோர் உடம்புல ஏறியிருந்தா, குடிச்சா இப்படித்தான் செவக்கும். இந்த வாசமும் பழகிப்போயிடும்ணா. மூக்கு முதல்ல சொல்லும், அப்புறம் சொல்லாது. அதுக்குத்தான் பேட்ஜே" என்றாள். டாக்டரிடம் போக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

முதலாளி கோபத்தில் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் எழுத வேண்டாம், பாதி நியாயம். பொய் எண்ணோடு ஜெர்மனிக்காரர்கள் முன்னால் நின்றிருந்தால் ஆர்டரோடு பெயரும் போயிருக்கும் என்று பர்வீன் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். தமயந்தி நாளை மறுநாள் வேலைக்கு வரலாம். அவள் எழுந்து, முதலாளிக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மே 1, வியாழன்

லீவு. ஃபோர்மேன் ஆர்டர் லேத் செக்‌ஷன் ஆளுக்குப் போகிறது என்று போன் வந்தது. நல்ல ஆள்தான். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மே 5, திங்கள்

தொட்டிக்கு இழுத்து மூடுகிற மூடி வந்துவிட்டது. இரண்டு கூடைக்கு நடுவில் மூடி வைக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி உறிஞ்சுகிற குழாயும் மோட்டாரும் அடுத்த வாரம். அவை வந்து, எண் சரியாகும் வரைக்கும் தினம் அறுபது கூடைக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பர்வீன் எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதலாளி கையெழுத்துப் போட்டார். பேனா கிழித்துவிடும் போல அழுத்தித்தான் போட்டார்.

ஃபேனை ஸ்டோருக்கே தள்ளிக்கொண்டு போனேன். நல்ல ஃபேன். ஓட வேண்டிய இடம் இது இல்லை.

டாக்டர் ரத்தம் எடுத்தார், ஒன்றுக்குப் பிடிக்க ஒரு பாட்டில் கொடுத்தார். வாசம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். குடியை விடச் சொன்னார். விட்டாயிற்று.

மே 8, வியாழன்

மறுபடி பேட்ஜ் நாள். பர்வீன் மூன்று பேட்ஜையும் மேஜையில் வைத்துவிட்டு முதலாளியைப் பார்க்கப் போனாள். பிகாஷ் தன்னுடையதைக் குத்திக்கொண்டு, ஊசி சரியாக மாட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். என்னுடையதைத் தமயந்தி எடுத்து வந்தாள். வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. கூடை வரும், துடைப்பாள், அவ்வளவுதான்.

என் காலரைப் பிடித்து அவளே குத்தினாள்.

"எழுதிக் குடுத்ததும் நீங்கதான், மாத்திச் சொன்னதும் நீங்கதான். ரெண்டையும் நான் மறக்க மாட்டனுங்ணா."

"மறக்க வேண்டாம் அம்மிணி" என்றேன்.

"இன்னிக்கு இதைக் கழட்டாதீங்க."

கழற்றவில்லை. டீ குடிக்கும்போதும், சாப்பிடும்போதும், குனிந்து தொட்டிக்குள் பார்க்கும்போதும் காலரிலேயே இருந்தது. சங்கிலியில் ஒரு தடவைகூட மாட்டவில்லை. ஒவ்வொரு கூடையையும் தகட்டில் போட்டிருக்கிற வேகத்தில் இறக்கினேன், அதே வேகத்தில் தூக்கினேன், விளிம்புக்குள் நிறுத்திச் சொட்டு நின்ற பிறகு எடுத்தேன், மூடியை இழுத்து மூடினேன். கூடை 58. பிசுக்கு என்று தமயந்தி ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

சாயங்காலம் பர்வீன் என் பேட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டு, மேலே என் பெயரை எழுதினாள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். உறிஞ்சுகிற மோட்டார் இன்னும் வரவில்லை, அதனால் எண் இருபத்தைந்துக்குள் வராது, அது எனக்கே தெரியும். வரட்டும். எவ்வளவு வந்தாலும் இந்தத் தடவை அது நான் இழுத்த மூச்சு.